மொழி தெரியாத ஊர்களில் ஒரு ராஜபார்ட்

1858 நவம்பர் மாதம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க். மேடையில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நடக்கிறது. ஒதெல்லோ வேடம் கட்டியவர் ஆங்கிலத்தில் வசனம் பேசுகிறார். அவர் மனத்தைக் கலைக்கும் இயாகோ பேசுவது ஜெர்மன். மனைவி டெஸ்டிமோனா கெஞ்சுவதும் ஜெர்மனில்தான். கீழே உட்கார்ந்து பார்ப்பவர்களோ ருஷ்யர்கள். அந்தக் கூட்டத்தில் ஆங்கிலம் அறிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் அரங்கு நிறைந்தது. ஒரு நாள் வேடிக்கையாக வந்து போன கூட்டமல்ல அது, வாரக்கணக்கில் வந்த கூட்டம்.

அந்த ஒதெல்லோவின் பெயர் ஐரா ஆல்ட்ரிட்ஜ். நியூயார்க்கில் பிறந்த கறுப்பினத்தவர். சோக நாடகங்களின் நாயகனாக 40 ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றியவர். அதில் பின் 15 ஆண்டுகளில் பெரும்பகுதியை, தான் பேசிய மொழி புரியாதவர்கள் முன்னால்தான் நடித்தார். சொல் புரியாதபோது ஒரு கூட்டத்தை அழவைப்பது எது? தொண்டையிலும் காதிலும் என்ன நடக்கிறது? ஆல்ட்ரிட்ஜின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால், அவர் காலத்தில் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்த குரல் அறிவியலும் கூடவே நடந்து வருகிறது.

1807 ஜூலை 24 அன்று பிறந்தார். அப்பா வைக்கோல் விற்றவர், சமய உரையாற்றியவர். மகன் பாதிரியாராக வேண்டும் என்பது அவர் ஆசை. பையன் படித்தது, விடுதலை பெற்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று நடந்த 'ஆப்பிரிக்கன் ஃப்ரீ ஸ்கூல்'. ஊரின் பெரிய நாடகக் கொட்டகையான பார்க் தியேட்டரில் கறுப்பர்களுக்கு ஒதுக்கப்பட்ட மேல்மாடத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார். வில்லியம் பிரவுன் என்ற முன்னாள் கப்பல் பணியாளர், கறுப்பினத்தவரே நடிக்கும் நாடகக் குழு ஒன்றை 1821 வாக்கில் தொடங்கினார். ஷேக்ஸ்பியரை நடிக்க இவர்கள் யார் என்று வெள்ளையர் கும்பல்கள் அந்தக் குழுவை விடாமல் தொல்லைப்படுத்தின. ஆல்ட்ரிட்ஜ் முதலில் மேடையேறியது அந்தச் சூழலில்தான். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுதாக ஒழிய 1827 ஆயிற்று. அதுவரை அவர் காத்திருக்கவில்லை. 1824இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்.

மறு வருடமே லண்டனில் மேடை கிடைத்தது. 1825 அக்டோபரில், இன்று 'ஓல்ட் விக்' என்று அழைக்கப்படும் ராயல் கோபர்க் அரங்கில், அடிமையாக விற்கப்பட்ட அரசகுமாரன் ஒருவனின் வேடம். வயது 18. அந்த நடிப்பைப் பற்றி 'தி டைம்ஸ்' எழுதியதன் சாரம் இது: இவருடைய உதடுகளின் அமைப்பினால் ஆங்கிலத்தைச் சரியாக உச்சரிப்பது இவருக்கு முற்றிலும் இயலாது.

இந்த வாக்கியத்தை எளிதில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அறிவியல் போலத் தோற்றம் காட்டும் வாக்கியம் இது. ஓர் உடலுறுப்பைச் சுட்டி, அதிலிருந்து ஒரு முடிவைச் சொல்கிறது. ஆகவே உடலையே கேட்டுப் பார்க்கலாம்.

பேச்சுக்கான ஒலி பிறக்கும் இடம் குரல்வளை. நுரையீரலிலிருந்து வரும் காற்று அங்குள்ள இரண்டு தசை மடிப்புகளை அதிரவைக்கிறது. ஆண்கள் இயல்பாகப் பேசும்போது நொடிக்கு 100 முதல் 130 தடவை. அந்த இடத்தில் காதை வைத்துக் கேட்க முடிந்தால் கேட்பது வெறும் ரீங்காரம்தான், அதில் எழுத்தும் இல்லை சொல்லும் இல்லை. குரல்வளையிலிருந்து உதடு வரை, வளர்ந்த ஆணுக்கு சுமார் 17 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வளைந்த குழாய் இருக்கிறது. நாக்கு ஓயாமல் நெளிந்து அந்தக் குழாயின் வடிவத்தை மாற்றுகிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும் சில அதிர்வெண்கள் பெருகுகின்றன, சில அடங்குகின்றன. நாக்கு முன்னால் உயர்ந்தால் 'இ', தாழ்ந்தால் 'ஆ'. 'உ', 'ஒ', 'ம', 'ப' போன்றவற்றில் உதட்டுக்கும் வேலை உண்டு. ஆனால் அங்கே தேவை குவிவதும் மூடுவதும் மட்டுமே. தடித்த உதடும் குவியும், மெல்லிய உதடும் மூடும்.

உயிரொலிகள் வாயறையின் ஒத்ததிர்வினால் உருவாகின்றன என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஃபன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உள்ளீடற்ற கோளங்களைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு நிறுவினார். 1850களில் தொடங்கி 1863இல் புத்தகமாக வந்த ஆய்வு அது. அதே ஆண்டுகளில்தான் ஆல்ட்ரிட்ஜ் ஜெர்மன் நகரங்களில் நடித்துக்கொண்டிருந்தார்.

1979இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் லிண்ட்ப்ளமும் அவருடைய கூட்டாளிகளும் செய்த சோதனை ஒன்று இன்னும் நேரடியானது. பேசுபவரின் பற்களுக்கு இடையில் ஒரு கட்டையைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். தாடை அசைய வழியில்லை. அந்த நிலையில் உயிரொலிகளைச் சொல்லச் சொன்னார்கள். பழகிக்கொள்ள நேரமே தேவைப்படவில்லை. குரல்வளையின் முதல் அதிர்விலிருந்தே ஒலி ஏறக்குறைய சரியாக வந்தது. தாடை கொடுக்க வேண்டிய வடிவத்தை நாக்கே ஈடுகட்டிவிடுகிறது. ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டு 'இ', 'ஆ', 'ஊ' சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அப்படியே வரும். எந்த ஒலி வேண்டும் என்று மூளைக்குத் தெரியும். இருக்கிற வாயைக் கொண்டு அந்த ஒலியை எப்படி எட்டுவது என்று அது அந்தக் கணத்திலேயே கணக்குப் போட்டுவிடும். உலகில் எந்த இரண்டு வாயும் ஒன்றுபோல் இல்லாதபோதும் ஒரு மொழியை எல்லோரும் பேச முடிகிறது என்றால் காரணம் இதுதான். எந்தக் குழந்தையும், அது யார் வயிற்றில் பிறந்திருந்தாலும், எந்த மொழி கேட்டு வளர்கிறதோ அந்த மொழியின் ஒலிகளுக்கே முதல் வயது முடிவதற்குள் காதைத் தீட்டிக்கொள்கிறது. ஆல்ட்ரிட்ஜ் கேட்டு வளர்ந்தது ஆங்கிலம். 'டைம்ஸ்' சொன்னது உண்மையல்ல.

உண்மையல்ல என்றாலும் அதற்குப் பலம் இருந்தது. லண்டனின் பெரிய அரங்குகள் திறக்கவில்லை. அவர் வெளியூர்களுக்குப் புறப்பட்டார்.

அந்தக் கால பிரிட்டனில் ஒவ்வொரு முக்கிய ஊரிலும் ஒரு கொட்டகையும் அதற்கென்று நிரந்தரமாக ஒரு நடிகர் குழுவும் உண்டு. நாயகன் மட்டும் வெளியிலிருந்து வருவார். காலையில் ஓர் ஒத்திகை, இரவு நாடகம். ஒரு வாரம் போல அங்கே இருந்து நாளுக்கொரு வேடம் கட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட்டும் இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டும் வந்து, மேடைக்குப் பின்னால் அன்றுதான் சந்தித்து, 'வள்ளி திருமண'த்தை விடிய விடிய நடத்திக் கொடுப்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு சட்டென்று விளங்கும். அவரவருக்கு அவரவர் பாடம் தெரியும், அது போதும்.

பாடம் எப்படிக் கையில் வரும் என்பதுதான் முக்கியம். முழு நாடகத்தையும் யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய வசனம் மட்டும். அதற்கு முன்னால், எதிராளி பேசி முடிக்கும் கடைசி மூன்று நான்கு சொற்கள். இதுதான் க்யூ. அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் வாய் திறக்க வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாடு பிற்காலத்தில் ஆல்ட்ரிட்ஜுக்குப் பெரிய கதவொன்றைத் திறந்துவிடப் போகிறது.

மான்செஸ்டர், பிரிஸ்டல், எடின்பரோ, டப்ளின் என்று சுற்றினார். ஜேம்ஸ் நார்த்கோட் அவரை ஒதெல்லோவாகத் தீட்டிய ஓவியம் இன்றும் மான்செஸ்டர் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1828இல், வயது 20தான், கோவென்ட்ரி நகர அரங்கின் நிர்வாகப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. விளம்பரத் தாள்களில் அவருக்கு 'ஆப்பிரிக்க ராசியஸ்' என்று பட்டம். ராசியஸ் என்பவர் பழைய ரோமாபுரியின் புகழ்பெற்ற நடிகர். செனகல் நாட்டு அரச வம்சத்தில் வந்தவர் என்ற கதையும் பரப்பப்பட்டது. வைக்கோல் வியாபாரியின் மகனுக்குக் கொட்டகையில் கூட்டம் சேர்க்க அந்தக் கதை தேவைப்பட்டது. ஒரே இரவில் ஒதெல்லோவாக மாண்டுவிட்டு, அடுத்து 'தி பேட்லாக்' என்ற சிரிப்பு நாடகத்தில் முங்கோ என்ற வேலைக்காரனாகப் பாடி ஆடுவார். கொட்டகைக்கு வந்தவர்கள் அழுத கண்ணைத் துடைக்கும் முன்னே சிரிக்க வேண்டியிருக்கும். அதே தொண்டைதான் இரண்டையும் செய்தது.

1833 மார்ச் 25. லண்டனின் கோவென்ட் கார்டனில் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த எட்மண்ட் கீன், அந்தத் தலைமுறையின் தலைசிறந்த நடிகர், இயாகோவாக நின்ற தன் மகனின் கைகளிலேயே சரிந்தார். மே மாதம் இறந்துபோனார். அந்த ஒதெல்லோவை ஏற்க ஏப்ரல் 10 அன்று ஆல்ட்ரிட்ஜ் அழைக்கப்பட்டார். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிப்பது பற்றி நாடு முழுவதும் வாதம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. டெஸ்டிமோனாவாக நடித்த எலன் ட்ரீ என்ற வெள்ளைக்காரப் பெண்மணியின் கையை ஒரு கறுப்பர் மேடையில் பற்றுவதா என்று பத்திரிகைகள் பொங்கின. பார்க்க வந்த மக்கள் கைதட்டினார்கள், பத்திரிகைகள் வென்றன. இரண்டே காட்சிகளோடு முடிந்தது. மறுபடி வெளியூர், அதுவும் ஏறக்குறைய 20 ஆண்டுகள். கறுப்பர் வேடங்கள் எண்ணிக்கையில் சிலவே என்பதால் ஷைலாக், மக்பெத், மூன்றாம் ரிச்சர்ட், லியர் என்று வெள்ளையர் வேடங்களையும் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு நடித்தார்.

1852இல் ஆங்கிலேய நடிகர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பிரஸ்ஸல்ஸுக்குப் போனார். அங்கிருந்து ஜெர்மன் நகரங்கள். கொஞ்ச காலத்தில் அந்தக் குழு கலைந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். ஆல்ட்ரிட்ஜ் அந்தந்த ஊர் ஜெர்மன் குழுவோடே மேடையேறினார். அவர் ஆங்கிலம், மற்றவர்கள் ஜெர்மன்.

இங்கேதான் அந்தக் க்யூ வேலை செய்தது. எதிராளியின் முழு வசனமும் நாயகனுக்குப் புரிய வேண்டியதில்லை, அதன் வால் மட்டும் தெரிந்தால் போதும். ஜெர்மன் சொற்களின் பொருள் ஒருபுறம் இருக்க, அவற்றின் ஒலியையும் ஏற்ற இறக்கத்தையும் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் இயாகோவுக்கும் அதே நிலைதான், மறுபக்கத்திலிருந்து. பார்வையாளர்களுக்கோ ஷ்லேகலும் டீக் வட்டத்தாரும் மொழிபெயர்த்த ஷேக்ஸ்பியர் ஏற்கெனவே பாடம். ஷேக்ஸ்பியர் தங்களவர் என்றே ஜெர்மானியர் எண்ணியிருந்தார்கள். உரையாடலில் பாதி அவர்கள் மொழியிலேயே வந்தது. இயாகோ என்ன சொல்லிக் குத்தினான் என்று தெரிந்தது. அந்தக் குத்து எங்கே பட்டது என்பதை ஆல்ட்ரிட்ஜின் குரல் சொல்ல வேண்டும்.

குரலால் அது முடியுமா? இதைச் சோதனைச் சாலையில் அளந்திருக்கிறார்கள். கிளாவுஸ் ஷெரர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இது. ஜெர்மன் நடிகர்களை அழைத்து, எந்த மொழியிலும் பொருளில்லாத வாக்கியங்களைக் கோபமாக, துயரமாக, அச்சமாக, மகிழ்ச்சியாக, பின் எந்த உணர்ச்சியும் இல்லாமல் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். 9 நாடுகளில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, எது எந்த உணர்ச்சி என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 100க்கு 20 சரியாக வரும். சராசரியாக வந்தது 66. ஜெர்மனியில் 74. ஐரோப்பிய மொழிகளோடு உறவே இல்லாத மொழி பேசும் இந்தோனேசியாவில் 52. மொழி விலக விலகத் துல்லியம் குறைகிறது, ஆனால் அற்றுப்போவதில்லை. 2010இல் நமீபியாவின் ஹிம்பா மக்களிடமும் ஆங்கிலேயர்களிடமும் சொல்லற்ற ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்கவைத்த டிசா சாட்டர் குழுவினரும் இதை ஒட்டிய முடிவுக்கே வந்தார்கள். அச்சம், சினம், துயரம், அருவருப்பு போன்றவற்றை ஒருவர் மற்றவர் குரலில் கண்டுகொண்டார்கள். மகிழ்ச்சியின் நுட்பமான சில வகைகள்தான் அவரவர் பண்பாட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன.

ஏன் அப்படி? உணர்ச்சி முதலில் உடலைத்தான் பிடிக்கிறது. கோபம் வந்தால் நரம்பு மண்டலம் உடலைச் சண்டைக்குத் தயார் செய்கிறது. மூச்சின் அழுத்தம் கூடுகிறது, குரல்வளைத் தசைகள் இறுகுகின்றன. குரல் உரக்க, வேகமாக, கூர்மையாக எழுகிறது. அச்சத்தில் வாய் வறண்டு குரல் மேலே ஏறுகிறது. துயரத்தில் தசைகள் தளர்ந்து, குரல் தாழ்ந்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே தூரம் விழுகிறது. பேசுபவர் ஆங்கிலேயராக இருந்தாலும் ஆண்டிப்பட்டிக்காரராக இருந்தாலும் தசையும் நரம்பும் ஒன்றே. கேட்பவரின் உடலுக்கும் அந்த நிலைகள் எல்லாம் பழக்கம்.

'ஒதெல்லோ'வுக்கு இதில் ஒரு தனிச் சலுகை உண்டு. முதல் அங்கத்தில் ஒதெல்லோ பேசும் வரிகள் அளவெடுத்த நடையில் நிதானமாகச் செல்பவை. ஆட்சியாளர்கள் முன்னால் நின்று தன் காதலைப் பற்றிச் சொல்லும்போதும் அந்த நடை தடுமாறாது. மூன்றாம் அங்கத்தில் சந்தேகம் நுழைந்ததும் வரிகள் இடறத் தொடங்குகின்றன. நான்காம் அங்கத்தில் வலிப்பு வந்து தரையில் விழுவதற்குச் சற்று முன்னால் கவிதை நடையே உடைந்து, துண்டு துண்டான உரைநடையாகச் சிதறிவிடுகிறது. ஒரு மனிதன் உடைவதை ஷேக்ஸ்பியர் தாளத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாதவர் காதுக்கும் தாளம் உடைவது கேட்கும். நாடகம் பார்த்த பெர்லின்வாசிகளுக்குக் கேட்டிருக்கிறது. 1853இல் பிரஷ்ய மன்னர் கலைக்கும் அறிவியலுக்குமான தங்கப் பதக்கத்தை ஆல்ட்ரிட்ஜுக்கு அளித்தார். 1858இல் சாக்ஸ்-மைனிங்கன் சிற்றரசு வீரப் பட்டம் சூட்டியது. அதே ஆண்டு பெல்கிரேடிலும் நடித்தார்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மைக் இல்லாத காலம். 2000, 3000 பேர் அமரும் கொட்டகை. கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

கத்தினால் சேராது. கத்துபவர் மூன்றாம் நாள் பேச்சற்றுப் போவார், ஆல்ட்ரிட்ஜோ வாரத்தில் பல இரவுகள் மேடையில் நின்றார். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். கூட்டத்தின் இருமலும் சலசலப்பும் அதன் மேல் விழும். ஆனால் அந்தச் சலசலப்பில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கிறது. மேலே இடம் காலி. பயிற்சி பெற்ற ஆண் நடிகர்களின் குரலைப் பகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், 3500 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி திரண்டு ஒரு மேடு போல எழுவதைக் கண்டார்கள். பயிற்சி இல்லாதவர்கள் குரலில் அந்த மேடு அவ்வளவாக இல்லை. குரல்வளைக்கு மேலே உள்ள குறுகிய பகுதியைச் சரியாக அமைத்துக்கொள்வதால் அது வருகிறது. கூடுதல் காற்றும் வேண்டாம், கூடுதல் பலமும் வேண்டாம். இனி காதைப் பாருங்கள். காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை உள்ள குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய அந்த நீளக் குழாய் எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும் என்று கணக்குப் போட்டால் வரும் விடை 3400 ஹெர்ட்ஸ் வட்டாரம். தொண்டை தீட்டிக்கொள்ளும் இடமும் காது தானாகவே பெருக்கிக் கேட்கும் இடமும் ஏறக்குறைய ஒன்று. பேச்சரங்க ஆசான்கள் யாரும் ஹெர்ட்ஸ் கணக்குப் பார்த்துச் சொல்லித் தந்ததல்ல. கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்டதா இல்லையா என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்து, தலைமுறை தலைமுறையாகத் தொண்டைகள் கண்டுபிடித்துக்கொண்டது அது.

கண்ணுக்கும் வேலை இருந்தது. எரிவாயு விளக்குகள் மேடையின் முன் விளிம்பிலிருந்து மேல்நோக்கி வீசின. அந்த வெளிச்சத்தில் முகத்தின் நுண்ணசைவு தொலைவுக்குத் தெரியாது. அதனால் தோளும் கையும் நடையும் பேச வேண்டியிருந்தது. ஆல்ட்ரிட்ஜின் ஒதெல்லோவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பார்த்த பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே, காட்டுத்தீ போன்ற ஓர் ஒதெல்லோவை எதிர்பார்த்துப் போயிருக்கிறார். கண்டதோ அமைதியும் கம்பீரமும் தன்னடக்கமும் உள்ள ஒரு தளபதி. அதைவிட லியர்தான் அவரைக் கவர்ந்தது. வெள்ளி முடி தொங்கும் தலைமூடி, மெழுகு வைத்துத் திருத்திய மூக்கு, நெஞ்சு வரை வெண்தாடி, வெள்ளைப் பூச்சு என எல்லாம் சேர்ந்து மேடையில் ஒரு முதிய வெள்ளை அரசன் நின்றான். கைகளுக்கு மட்டும் ஆல்ட்ரிட்ஜ் வெள்ளை பூசவில்லை. கோத்தியே அதைக் கவனித்து, இன்று படிக்கக் கூசும் ஓர் உவமையோடு எழுதியிருக்கிறார். எனக்கோ அந்தக் கைகள்தான் அந்த ஒப்பனையிலேயே மிகத் தெளிவான பேச்சு.

அதே குளிர்காலத்தில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். உக்ரைனின் பெருங்கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ. பண்ணையடிமையாகப் பிறந்தவர். 24 வயதில், 1838இல், அவருடைய ஓவியத் திறமையைக் கண்ட கலைஞர்கள் ஓர் ஓவியத்தைக் குலுக்கல் முறையில் விற்று 2500 ரூபிள் திரட்டி அவரை விலைக்கு மீட்டார்கள். எழுதிய கவிதைகளுக்காகப் பின்னர் ஜார் மன்னர் அவரைப் படைவீரனாக்கி நாடுகடத்தினார். எழுதவும் வரையவும் கூடாது என்று தடை. பத்து ஆண்டு அதில் கழித்துவிட்டு அப்போதுதான் தலைநகருக்கு வந்திருந்தார். டால்ஸ்டாய் பிரபு ஃபியோதோரின் வீட்டில் இருவரும் சந்தித்தார்கள். (நாவலாசிரியர் டால்ஸ்டாய் அல்ல, இவர் சிற்பி.) ஷெவ்சென்கோவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆல்ட்ரிட்ஜுக்கு ருஷ்ய மொழி தெரியாது. அந்த வீட்டுச் சிறுமி கத்யா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். ஒருவர் பிறந்ததே அடிமையாக. இன்னொருவரின் இனத்தவர் அமெரிக்காவில் இன்னும் ஏலம் விடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுமியின் ஆங்கிலத்துக்கு மேலே இருவருக்கும் பேச நிறைய இருந்தது.

ஷெவ்சென்கோ அவரை வரைய உட்காரவைத்தார். ஆல்ட்ரிட்ஜால் அசையாமல் உட்கார முடியவில்லை. முகத்தைச் சுளித்தார், எழுந்து ஆடினார், தன் மக்களின் பாட்டுகளைப் பாடினார். ஷெவ்சென்கோ பதிலுக்கு உக்ரைன் பாட்டுகளைப் பாடினார். கத்யா வளர்ந்த பிறகு தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்ததால் இது நமக்குத் தெரிகிறது. கரும்பென்சிலும் வெண்பென்சிலும் கொண்டு தீட்டிய அந்த உருவப்படத்தில் 1858 டிசம்பர் 25 என்று தேதி இருக்கிறது. மாஸ்கோவின் த்ரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் அதைப் பார்க்கலாம். அகன்ற நெற்றி, சற்றே பக்கவாட்டில் திரும்பிய பார்வை. பட்டங்களும் பதக்கங்களும் சூடிய படங்கள் ஆல்ட்ரிட்ஜுக்கு எத்தனையோ உண்டு. அவற்றை விட இந்தப் படம் எனக்கு நெருக்கமானது.

ருஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிந்தது. அதன் பிறகு ஆல்ட்ரிட்ஜ் அந்நாட்டின் உட்பகுதிகளுக்கும் போனார். வோல்கா கரை ஊர்கள், ஒடேசா என்று நீண்ட பயணங்கள். தலைநகருக்கும் மாஸ்கோவுக்கும் இடையே 1851 முதல் ரயில் ஓடியது, அதற்கப்பால் பெரும்பாலும் குதிரை வண்டியும் பனிச்சறுக்கு வண்டியும்தான். 1863இல் பிரிட்டிஷ் குடிமகனானார். 1865இல் லண்டனின் ஹேமார்க்கெட் அரங்கில் ஒதெல்லோவாக நின்றார், டெஸ்டிமோனாவாக 17 வயது மேட்ஜ் ராபர்ட்சன். இந்தத் தடவை பத்திரிகைகள் மரியாதையோடு எழுதின. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது, தாய்நாட்டில் நடிக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. அதற்குள் 1867 ஆகஸ்ட் 7 அன்று, போலந்தின் நெசவு நகரமான வூட்ச்சில், அங்கே ஒதெல்லோ நடிக்க இருந்த நேரத்தில் இறந்துபோனார். வயது 60. அந்த ஊர் இவாஞ்சலிகல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அப்போது அவருடைய மகள் அமாண்டாவுக்கு ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. தந்தையின் குரலைக் கேட்ட நினைவு அவருக்கு இருந்திருக்க வழியில்லை. ஆனால் குரல் அவரை வேறு வழியில் தேடி வந்தது. அந்த வழி ஸ்பெயின் நாட்டுப் பாடகர் குடும்பம் ஒன்றில் தொடங்குகிறது. 1825 நவம்பரில், ஆல்ட்ரிட்ஜ் மேல்மாடத்திலிருந்து நாடகம் பார்த்த அதே பார்க் தியேட்டரில், நியூயார்க்கின் முதல் இத்தாலிய ஆபெராவைப் பாடியது கார்சியா குடும்பம். அதில் ஃபிகாரோவாகப் பாடிய இளைஞர் மனுவேல் கார்சியா பிற்காலத்தில் பாட்டு வாத்தியாரானார். பாடும்போது குரல்வளை என்ன செய்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. 1854இல் ஒரு பல் வைத்தியக் கண்ணாடியைத் தொண்டைக்குள் செலுத்தி, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன் மேல் திருப்பி, தன் குரல் மடிப்புகள் திறந்து மூடுவதைத் தன் கண்ணாலேயே கண்டார். மறு வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த ஆய்வு வாசிக்கப்பட்டது. இன்றைய தொண்டை மருத்துவர்கள் குரல்வளையைப் பார்க்கும் முறைக்கு மூலம் அதுதான்.

அவரிடம் 1841இல், பாடிப் பாடித் தேய்ந்த குரலோடு வந்து சேர்ந்தவர் ஸ்வீடன் நாட்டு ஜென்னி லிண்ட். கார்சியா முதலில் அவரைப் பாடவே கூடாது என்று ஓய்வில் வைத்தார், பிறகு அடிப்படையிலிருந்து பயிற்சி தந்தார். குரல் மீண்டது, லிண்ட் உலகப் புகழ் பெற்றார். முதிய வயதில் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் அவர் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவிகளில் ஒருவர் அமாண்டா ஆல்ட்ரிட்ஜ். அமாண்டாவின் சொந்தக் குரல் தொண்டை நோயினால் கெட்டது. மேடையை விட்டுவிட்டு, 'மாண்டேக் ரிங்' என்ற புனைபெயரில் இசையமைத்தார், குரல் பயிற்சி தந்தார். பாடகி மேரியன் ஆண்டர்சன் அவரிடம் வந்தார். 1930இல் லண்டன் சவாய் அரங்கில் ஒதெல்லோ நடிக்க இருந்த கறுப்பின நடிகர் பால் ராப்சன் வந்தார். வசனத்தை எப்படிச் சொல்வது, மூச்சை எங்கே எடுப்பது என்று அமாண்டா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். தன் தந்தை ஒதெல்லோ வேடத்தில் அணிந்த காதணிகளையும் அவரிடம் தந்தார்.

ராப்சன் அந்த வேடத்தை 1943இல் நியூயார்க்குக்கும் கொண்டுபோனார். பிராட்வேயில் அந்த 'ஒதெல்லோ' 296 காட்சிகள் ஓடியது. ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அங்கே அதற்கு முன்னும் அதன் பின்னும் தொடர்ந்து அத்தனை நாள் ஓடியதில்லை.